குகைக்குள் தெரிந்த அறை

எனக்குப் பயந்த சுபாவம். கேஸை மூடினோமா என்று பஸ் நிறுத்தத்திலிருந்து திரும்பி வந்து பார்ப்பவள் நான். வீட்டைப் பூட்டினால் பூட்டை இழுத்துப் பார்ப்பேன். பாதி மாடி இறங்கிய பிறகு மறுபடி ஏறி வந்து இன்னொரு தரம் இழுத்துப் பார்ப்பேன். என் வீட்டுக்காரர் கீழே நின்றுகொண்டு, "பூட்டு கையோட வந்துடப் போகுது, இறங்கி வா" என்பார். அவருக்குப் பயம் என்றால் என்னவென்றே தெரியாது. வீட்டுக்கு வேண்டிய பயத்தை எல்லாம் நானே மொத்தமாகப் பட்டுவிடுகிறேன், தனக்கு மிச்சமே வைப்பதில்லை என்பது அவர் புகார்.

நிஜ ரயில் எனக்கு ஆகாது. பிளாட்பாரத்துக்கும் பெட்டிக்கும் நடுவே இருக்கிற இடைவெளியைப் பார்த்தாலே கால் கூசும். ஆனால் சின்ன ரயில் என்றால் உயிர். பள்ளிக்கூடத்தில் இயற்பியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்ற பிறகு, மயிலாப்பூர் வீட்டின் பின் அறையில் பழைய இரட்டைக் கட்டில் மேல் பிளைவுட் போட்டு, அதன் மேல் தண்டவாளம் போட்டேன். நம்ம பறக்கும் ரயில்தான். அட்டையில் மந்தைவெளி, திருமயிலை, கோட்டூர்புரம் எல்லாம் செய்து வைத்தேன். அடையாற்றுக்குப் பச்சை பெயின்ட் அடித்தபோது, "கறுப்பு அடி, அதுதான் நியாயம்" என்றார் வீட்டுக்காரர். பறக்கும் ரயிலுக்குக் குகை கிடையாது. எனக்கு ஒரு குகை வேண்டும் போலிருந்தது. பிஸ்கட் டின்னை வெட்டி வளைத்து, மேலே காகிதம் ஒட்டி ஒன்று வைத்துக்கொண்டேன். இந்த ரயிலில் யாரும் தவறி விழ மாட்டார்கள், யாரும் ஏறாமல் விட்டுப்போக மாட்டார்கள். குமிழைத் திருப்பினால் ஓடும், விட்டால் நிற்கும். அந்த நிம்மதி வெளியே எனக்கு எங்கும் கிடைத்ததில்லை.

இதில் ஒரு கேமராவை வைத்தால் டிரைவர் பார்ப்பதுபோலப் பார்க்கலாமே என்று ஆசை வந்தது. சிந்தாதிரிப்பேட்டைப் பக்கம் எலக்ட்ரானிக் சாமான் விற்கிற சந்து ஒன்றில், கட்டைவிரல் நகத்தைவிடச் சற்றே பெரிய கம்பியில்லாக் கேமரா கிடைத்தது. அது அனுப்பும் படத்தை வாங்கி டிவியில் காட்ட ஒரு சின்ன ரிசீவர் பெட்டியும் உண்டு. கடைக்காரர் அதைத் தட்டிக் காட்டினார். "நாலு சேனல் கீது மேடம். ஒண்ணுல கோடு வுழுந்தா அடுத்ததுக்கு மாத்திக்கோ. வேற ஒண்ணியும் கெடையாது."

வேறு ஒன்றும் இல்லை என்று யாராவது சொன்னாலே எனக்குச் சந்தேகம் வந்துவிடும். ஆனாலும் வாங்கி வந்தேன்.

கேமராவைவிட அதன் பேட்டரிதான் கனம். எஞ்சின் மேல் வைத்தால் வளைவில் குப்புற விழுந்தது. பிறகு எஞ்சினைப் பின்னால் தள்ளவிட்டு, முன்னால் கூரையில்லாத ஒரு பெட்டியை மாட்டி, பேட்டரியை அதன் வயிற்றில் ரப்பர் பாண்டு போட்டுக் கட்டி, கேமராவை முகப்பில் டபுள் சைடு டேப்பால் ஒட்டினேன். டிவியில் மின்விசிறி தெரிந்தது. கேமரா வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறது என்று புரிந்து, பின்னால் ஒரு ரப்பர் துண்டைச் செருகி மூக்கைக் கீழே இறக்கினேன். மூன்று சேனல்களில் வெறும் கோடும் இரைச்சலும்தான். மிஞ்சிய ஒன்றில் படம் கண்ணாடிபோலத் தெளிவாக வந்தது.

ரயில் கிளம்பியது. டிவியில் தண்டவாளம் என்னை நோக்கி ஓடிவந்தது. நான் செய்த அட்டைக் கட்டடங்கள் இருபக்கமும் எழுந்து நின்றன, ஜன்னல் ஜன்னலாக, உள்ளே ஒருவரும் இல்லாமல். அந்த ஊரை நான்தான் செய்தேன், இருந்தும் அதற்குள் போனபோது எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. வளைவு திரும்பியதும் பிரமாண்டமாக ஒரு முகம், மூக்குக் கண்ணாடியோடு, என்னையே முறைத்தது. என் முகம்தான். கையில் இருந்த குமிழை விட்டுவிட்டேன்.

"ரயிலைப் பார்த்துப் பயந்தது போக இப்ப மூஞ்சியைப் பார்த்தே பயப்படறியா?" என்றார் வீட்டுக்காரர். கேலி செய்ய அவருக்கு ஒரு வாரத்துக்கு அது போதுமானதாக இருந்தது.

மறுபடி ஓட்டினேன். ரயில் குகைக்குள் நுழைந்தது. திரை கறுத்து, கோடு ஓடி, சட்டென்று ஒரு அறை தெரிந்தது.

எங்கள் அறை இல்லை. உயரத்திலிருந்து, ஒரு பீரோ மேலிருந்து பார்ப்பதுபோல. நோயாளிகளுக்கான கம்பி வைத்த கட்டில். அதில் ஒரு பெரியவர், வாய் ஒரு பக்கம் கோணி, அசையாமல் கிடந்தார். பக்கத்தில் அறுபத்தைந்து எழுபது வயது மதிக்கத்தக்க ஒரு அம்மாள் கிண்ணத்திலிருந்து ஏதோ ஊட்டிக்கொண்டிருந்தாள். அவள் பேசுவது இரைச்சலுக்கு நடுவே லேசாகக் கேட்கவும் செய்தது. ரயில் குகையை விட்டு வெளியே வந்தது. அறை மறைந்து என் தண்டவாளம் வந்தது.

வகுப்பில் எத்தனையோ வருஷம் இதைத்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். குகை தகரம். உள்ளே போனதும் என் கேமராவின் அலை அடைபட்டுவிடுகிறது. அப்போது அதே அலைவரிசையில் அக்கம்பக்கத்தில் வேறு எது இருக்கிறதோ, அதை என் ரிசீவர் பிடித்துக்கொள்கிறது. யாரோ நோயாளியைக் கவனிப்பதற்காகக் கேமரா வைத்திருக்கிறார்கள். காரணம் தெரிந்தும் டிவியை அணைத்துவிட்டேன். அடுத்த வீட்டுப் படுக்கையறையைத் திருட்டுத்தனமாகப் பார்த்துவிட்டேன். யாராவது கேட்டால் என்ன சொல்வேன்? டீச்சரம்மா வீட்டில் உட்கார்ந்து அடுத்தவர் வீட்டை வேவு பார்க்கிறாள் என்று தெரு பூராவும் பேசாதா? இன்னொன்றும் தோன்றியது. அவர்கள் எனக்குத் தெரிந்தால், நானும் அவர்களுக்குத் தெரிவேனோ? அன்றைக்கே ஜன்னல் திரையை இழுத்துவிட்டேன். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று எனக்குத் தெரியும்.

வேறு சேனல் உதவவில்லை. அதனால் குகை வரும்போது கண்ணைத் தாழ்த்திக்கொள்வது என்று முடிவெடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசையில் சாமியார் பிரசங்கம் வைக்கும்போது அந்த அம்மாளின் கிண்ணம்தான் மனசில் நின்றது. அவளைத் தவிர அந்த அறையில் வேறு யாரையும் நான் பார்த்ததில்லை. கண்ணைத் தாழ்த்துகிறவளுக்கு இது எப்படித் தெரிந்தது என்று கேட்டால், முழுக்கத் தாழ்த்தவில்லை என்றுதான் அர்த்தம்.

அது நடந்தது ஒரு நாள் முற்பகலில். மழை விட்டிருந்தது. வீட்டுக்காரர் கூடத்தில் பேப்பரோடு இருந்தார். நான் ரயிலை ஓட்டிக்கொண்டிருந்தேன். குகை வந்தது, அறை வந்தது. பெரியவர் கட்டிலில் இருந்தார். அந்த அம்மாள் தரையில் படுத்திருந்தாள்.

ரயில் வெளியே வந்துவிட்டது. அடுத்த சுற்றில் மறுபடி பார்த்தேன். அப்படியே இருந்தாள். அதற்கடுத்த சுற்றில் ரயிலைக் குகைக்குள்ளேயே நிறுத்தினேன். இப்போது படம் போகவில்லை.

"என்னங்க, கொஞ்சம் வாங்க."

குகைக்குள் தெரிகிற அறையைப் பற்றி அவரிடம் முன்பே சொல்லியிருந்தேன். அவர் வந்து, இடுப்பில் கை வைத்துப் பார்த்தார். "விடியக்காலைல எழுந்திருக்கிற பொம்பளை. கொஞ்சம் கட்டையைச் சாய்ச்சிருக்கு. நான் மத்தியானம் தரைல படுக்கறதில்லையா?"

படுப்பார்தான். எங்கள் பக்கத்தில் வெயிலுக்கும் அலுப்புக்கும் வெறும் தரையில் படுக்காதவர் யார்? அதில் பயப்பட என்ன இருக்கிறது? அவர் சொன்னது நியாயமாகத்தான் இருந்தது. என் பயம் எத்தனை தரம் பொய்யாகியிருக்கிறது என்றும் அவருக்குத் தெரியும், எனக்கும் தெரியும். ரயிலைக் கிளப்பிவிடலாம் என்று குமிழில் கை வைத்தேன். கை திரும்ப மாட்டேன் என்றது.

"தலைக்கு ஒண்ணும் வெச்சுக்கலை பாருங்க."

"முந்தானையை மடிச்சு வெச்சிருக்கும்."

"இல்லை. முந்தானை அந்தப் பக்கம் கிடக்கு. பக்கத்துல டம்ளர் உருண்டிருக்கு. தண்ணி கொட்டிப் புடவை நனைஞ்சு கிடக்கு. ஈரத்துல எந்தப் பொம்பளையாவது படுத்துத் தூங்குவாளா?"

அவர் திரைக்குக் கிட்டே குனிந்தார். அப்போதுதான் இருவரும் ஒரே சமயத்தில் அந்தக் கையைப் பார்த்தோம். பெரியவரின் ஒரு கை கட்டில் கம்பிக்கு வெளியே நீண்டு, அவள் இருந்த பக்கம் விரலைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது. அவர் வாயிலிருந்து வந்த சத்தம் பேச்சாக இல்லை. அந்தச் சத்தத்துக்கு மேலே குக்கர் விசில் அடித்தது.

அடுப்பில் குக்கரை வைத்துவிட்டு யாரும் படுக்கப் போக மாட்டார்கள். விசில் நின்றது, மறுபடி அடித்தது. அவள் எழுந்திருக்கவில்லை. உள்ளே தண்ணீர் சுண்டினால் என்ன ஆகும் என்று வகுப்பில் சொல்லிக்கொடுத்தவள் நான். அவள் உயிரோடுதான் இருக்கிறாளா என்பது தெரியவில்லை, ஓடி வர முடியாத ஒரு மனிதர் அதே வீட்டில் கட்டிலில் கிடக்கிறார், அது எந்த வீடு என்பதும் எனக்குத் தெரியாது. சுற்றி எத்தனை கட்டடம், ஒவ்வொன்றிலும் எத்தனை கதவு. மாதாவே என்று வாய்விட்டுச் சொன்னேன்.

பயத்திலும் ஒன்று தோன்றியது. கேமரா அலை அதிக தூரம் போகாது. விசிலும் அப்படித்தான். "நீங்க சமையல்கட்டு ஜன்னல்ல போய் நில்லுங்க. விசில் கேட்டா 'இப்ப'ன்னு சொல்லுங்க."

முற்பகலில் எங்கள் தெருவில் குக்கர் விசிலுக்குப் பஞ்சமில்லை. யாரும் காதில் வாங்குவதே கிடையாது. அவர் இரண்டு தடவை "இப்ப" என்றார். டிவி சும்மா இருந்தது. பிறகு டிவியில் விசில் கிளம்பியது. நான் "இப்ப" என்றேன். உள்ளேயிருந்து அவர் குரலும் அதே நேரத்தில் "இப்ப" என்றது. இன்னொரு தரம். அதுவும் சேர்ந்தே வந்தது.

அவர் திரும்பி வந்தபோது முகம் மாறியிருந்தது. "பின்னாடி கட்டடம். மேல் மாடிங்கள்ல ஏதோ ஒண்ணு. நீ போ. நான் ஆம்புலன்ஸைக் கூப்பிடறேன், படத்தையும் பார்த்துக்கிட்டு இருக்கேன்."

பின்னாடி கட்டடம் கைக்கெட்டும் தூரம்தான், ஆனால் அதன் வாசல் வேறு தெருவில். தேங்கிய மழைத்தண்ணீரில் செருப்பு வழுக்க ஓடினேன். இந்த வயதில் ஓடினால் விழுவோம் என்ற பயம் ஒரு பக்கம், விழாமல் போய்ச் சேர்ந்தால் அங்கே எதைப் பார்ப்போம் என்ற பயம் ஒரு பக்கம். கேட்டில் வாட்ச்மேன் மறித்தார்.

"இன்னா மேடம், யாரு வோணும்?"

"ஒரு அம்மா விழுந்து கிடக்காங்க. மேல."

"எந்த வூடு? பேரு இன்னா?"

"தெரியாது."

"பேரு தெரியாம, வூடு தெரியாம, வுழுந்தது மட்டும் எப்டி தெரியும்?"

கேமராவில் பார்த்தேன் என்று சொல்ல வாய் வரவில்லை. இத்தனை நாள் நான் பயந்த கேள்வி, கேட்கக் கூடாத நேரத்தில் வந்து நின்றது. அதற்குள் மேலே விசில் அடித்தது, நீளமாக. விரலை உயர்த்திக் காட்டினேன். "அதைக் கேளுங்க. ரொம்ப நேரமா நிறுத்த ஆள் இல்லை."

அவர் தலையைத் தூக்கினார். "ஆமா, அடிச்சிக்கினே கீது. அது மூணாவது மாடி. ஐயாவுக்கு வாதம் வந்து படுத்துக்கினு கீறாரே, அந்தப் பெரியம்மா வூடு." சொல்லிக்கொண்டே எனக்கு முன்னால் படியேறிவிட்டார்.

மரக்கதவு காற்றுக்காகத் திறந்திருந்தது. அதற்கு முன்னால் இரும்பு கிரில், அதில் உள்பக்கமாகப் பூட்டு. கருகுகிற வாசனை வந்தது. திருட்டுப் பயத்துக்கு நானும் இப்படித்தான் பகலிலும் பூட்டி வைப்பேன். கூப்பிட்டோம். உள்ளேயிருந்து அந்தப் பெரியவரின் சத்தம் மட்டும் வந்தது. பூட்டை உடைக்க எதைக் கொண்டுவருவது, அதற்குள் எத்தனை நேரம் போய்விடும் என்று நான் கையைப் பிசைந்துகொண்டிருந்தபோது, வாட்ச்மேன் கம்பிக்குள் கையை விட்டுப் பூட்டைத் திருப்பினார். அது கழன்று வந்தது. அமுக்காமல் சும்மா மாட்டி வைத்திருந்தாள்.

நான் நேராகச் சமையல்கட்டுக்கு ஓடி கேஸை மூடினேன். மேடை மேல், மிக்ஸிக்குப் பக்கத்தில், உள்ளங்கை அகலத்தில் ஒரு டிவி பெட்டி இருந்தது. அதில் அந்த அறை தெரிந்தது. கட்டில், பெரியவர், தரையில் அவள். சமைத்துக்கொண்டே அவரைப் பார்த்துக்கொள்ள அவள் செய்துகொண்ட ஏற்பாடு. அவளைப் பார்த்துக்கொள்ள அந்த வீட்டில் எந்த ஏற்பாடும் இல்லை.

அவளைத் தொடப் பயமாக இருந்தது. உண்மையைச் சொல்கிறேன், அந்த அறையின் வாசற்படியிலேயே நின்றுவிட்டேன். என் கைபேசி அடித்தது.

"ஏன் நின்னுட்ட? போய் மூச்சு இருக்கா பாரு." வீட்டுக்காரர். எங்கள் டிவியில் அவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். எதற்கும் அசையாத அவர் குரல் உதறியது. "எனக்குப் பயமா இருக்கு. சீக்கிரம் பாரு."

நாற்பது வருஷத்துக்குப் பக்கமாக அவரோடு வாழ்கிறேன். அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து நான் கேட்டதே இல்லை. போய் மண்டியிட்டு மூக்கருகே விரல் வைத்தேன். சூடாக மூச்சு வந்தது. ஜில்லென்று வியர்த்திருந்தாள், நெற்றியில் கட்டில் கால் பட்ட காயம். "இருக்கு" என்று சொல்ல வாயைத் திறந்தேன், அழுகைதான் வந்தது.

"வாயில தண்ணி ஊத்தாத. ஒருக்களிச்சுப் படுக்க வை" என்றார் அவர். வாட்ச்மேனும் நானும் அப்படியே செய்தோம். பெரியவரின் கை இன்னும் திறந்து மூடிக்கொண்டிருந்தது. அதைப் பிடித்துக்கொண்டேன். ஆம்புலன்ஸ் வரும்வரை அவர் விடவில்லை.

அன்று ஏகாதசி. அந்த அம்மாள் உபவாசம் இருந்திருக்கிறாள். ஆனால் சர்க்கரை மாத்திரையை மட்டும் வழக்கம்போலப் போட்டுக்கொண்டிருக்கிறாள். மாத்திரை சாப்பாட்டில் சேராதே, விரதம் எப்படிக் கெடும் என்று நினைத்திருக்கிறாள். ரத்தத்தில் சர்க்கரை அடிமட்டத்துக்கு இறங்கிவிட்டது. இன்னும் சற்றுப் போயிருந்தால் அவ்வளவுதான் என்று ஆஸ்பத்திரியில் சொன்னதாக வாட்ச்மேன் சொன்னார். அவள் வரும்வரை பெரியவரை ஒரு நர்ஸ் பார்த்துக்கொண்டாள்.

அவள் வீடு திரும்பிய பிறகு பார்க்கப் போனேன். கேமரா விஷயத்தைச் சொல்லிவிடுவது என்று படியேறும்போதே மனப்பாடம் செய்துகொண்டு போனேன். கோபப்பட்டால் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். கிரில்லைத் திறந்தவள் என் முகத்தை உற்றுப் பார்த்தாள்.

"வாங்கோ. உங்களை நேக்குத் தெரியுமே. ரயில் மாமி."

செருப்பைக் கழற்றக் குனிந்தவள் நிமிர்ந்து பார்த்தேன்.

"அவருக்கு உடம்பு துடைக்கறச்சே கேமராவை அணைச்சுடுவேன். அப்போ பொட்டியில உங்க ரயில் வரும். கொண்டுவந்து அவர் பக்கத்துல வெச்சுடுவேன். ரயிலைப் பார்த்தா கண்ணை அகலத் திறப்பர். நடுவுல உங்க மூஞ்சி வரும், பெருசா. மூக்குக் கண்ணாடியும் நீங்களும்." அவள் சிரித்தாள். "ஒரு நாளும் ஓட்டாம இருந்துடாதேங்கோன்னு மனசுக்குள்ள வேண்டிப்பேன்."

நான் ஒளிந்து பார்ப்பதாகப் பயந்த நாளெல்லாம் அவர்கள் இருவரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். ரயிலிலிருந்து கேமராவை எடுத்துவிடுகிறேன், உங்கள் வீட்டை இனிமேல் பார்க்க மாட்டேன் என்று மனப்பாடம் செய்ததை ஒப்பித்தேன். அவள் முகம் மாறியது.

"எடுத்துடாதேங்கோ. அவரை நான் பாத்துக்கறேன். என்னைப் பாக்க யாரு இருக்கா? அதுக்குப் பயந்துண்டுதான் பூட்டைக்கூட அமுக்காம மாட்டி வெச்சிருக்கேன். திருடன் வந்தா வரட்டும். நான் விழுந்தா யாராவது உள்ள வரணுமே."

தினமும் ஒரு பூட்டை இரண்டு முறை இழுத்துப் பார்க்கிறவள் நான். சரி என்று தலையை ஆட்டினேன்.

இப்போது தினமும் முற்பகலில் ரயில் ஓடுகிறது. வீட்டுக்காரர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு அவராகவே டிவி முன்னால் வந்து உட்காருகிறார். குகைக்குள் ரயிலை நிறுத்துகிறேன். திரை கறுத்து, கோடு ஓடி, அறை தெரிவதற்குள் இருக்கிற அந்தச் சின்ன நேரம்தான் எனக்குத் தாங்குவதில்லை. தரை வெறுமையாக இருக்க வேண்டுமே என்று நெஞ்சு அடித்துக்கொள்கிறது. பக்கத்தில் அவரும் மூச்சு விடாமல் இருப்பது தெரிகிறது. படம் வருகிறது. கட்டிலுக்குப் பக்கத்தில் அவள் நின்றுகொண்டு, பீரோ பக்கம் நிமிர்ந்து பார்த்து, கையில் இருக்கிற கரண்டியை ஒரு தரம் ஆட்டுகிறாள்.

"இருக்காங்க" என்கிறார் அவர். நான் ரயிலைக் கிளப்புகிறேன்.